மீதிப் பருந்துகள்

மலைமுகடு
செப்டம்பர் 12

எண்களின் பேரரசியும், நகரத்துப் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் மூன்றாவது மாடி ஜன்னலோர மேசைக்கு ஏகபோக அதிபதியும், என் அக்கா வயிற்றில் பிறந்தவளுமான மருமகளுக்கு,

ஆறாவது இலையுதிர் காலமாக மலை உச்சியில் உட்கார்ந்து, தெற்கே வலசை போகும் பருந்துகளை எண்ணிக்கொண்டிருக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. நலம் விசாரிக்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன். எவ்வளவு கோபம் என்றால், இன்று காலை தேநீருக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. கெண்டியை மடியில் வைத்துக்கொண்டேன், கொதித்துவிட்டது.

நேற்று ஜீப்பில் ரொட்டியோடும் மண்ணெண்ணெயோடும் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா. முகடு நெடுகப் பன்னிரண்டு இடத்தில் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்கு ஒரு காற்றாலையாம். ஏழாவது வட்டம் நான் உட்காரும் பாறை. "கொஞ்சம் எழுந்திருங்க ஐயா" என்று என்னை எழுப்பி, நான் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் பெயின்ட் அடித்தார்கள். மறந்துபோய் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். வட்டத்தில் பாதி இப்போது என் கால்சட்டையில் இருக்கிறது.

ஒரே நாளில் ஐயாயிரம் பருந்துக்கு மேல் கடக்கிற முகட்டில் காற்றாலை கூடாது என்பது சட்டம். அதை எடுத்துச் சொன்னேன். அவர்களில் தொப்பி போட்டவன் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினான். "இங்கேதான் அவ்வளவு வர்றதில்லையே. உங்க ஆபீஸ் அறிக்கையிலேயே போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். கடந்த ஐந்து பருவங்களில் இந்த முகட்டில் ஒரே நாளில் எண்ணிய அதிகபட்சம்: 2,410.

அது போன வருஷம் அக்டோபர் ஒன்பதாம் தேதி. அன்றைக்கு நான் அனுப்பிய தாளில் 4,820 என்று எழுதியிருந்தேன். மீதிப் பருந்துகளை யார் தின்றது? உங்கள் அலுவலகத்தில் பூனை வளர்க்கிறீர்களா?

எப்படி எண்ணுகிறேன் என்று உனக்குத் தெரியும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து சூடான காற்று எழும்பும். பருந்துகள் அதில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அப்போது எண்ணுகிறவன் முட்டாள், ஒன்றையே ஒன்பது தடவை எண்ணுவான். உச்சிக்குப் போனபின் இறக்கையை விறைப்பாக விரித்து ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே வழுக்கிப் போகும். பட்ட மரத்தைத் தாண்டும்போது தலைக்கு ஓர் அமுக்கு. கையிலுள்ள எண்ணும் கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

என் தாள் உன் மேசைக்கு வருகிறது. உன் மேசையிலிருந்து கணினிக்குப் போகிறது. நடுவில் இருப்பது நீ ஒருத்தி. அக்டோபர் இருபதாம் தேதி அனுமதிக் குழு கூடுகிறதாம். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

பாறை, பதவி, கால்சட்டை மூன்றும் ஆபத்தில் இருக்கும்,
உன் தாய்மாமன்


மூன்றாவது மாடி
செப்டம்பர் 16

மாமா,

பூனை இல்லை. நான்தான்.

உங்கள் தாள் வரும்போதெல்லாம் எண்ணைப் பாதியாக்கித்தான் பதிந்தேன். ஐந்து வருஷமும். போதுமா?

ஏன் என்று கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள். நான் வளர்ந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. மாமா எது சொன்னாலும் பாதியாக்கிக்கொள். பல் பிடுங்கிக்கொண்டு வந்தீர்கள். பத்துப் பேர் காலைப் பிடித்தார்கள், டாக்டர் மயங்கி விழுந்தார் என்றீர்கள். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் "அப்போ அஞ்சு பேர்" என்றாள். என் கல்யாணத்துக்கு உங்கள் நண்பர்கள் இருநூறு பேர் வருவார்கள் என்றீர்கள். அம்மா நூறு நாற்காலி போட்டாள். நாற்பது பேர் வந்தார்கள். பாதி என்பதே நாங்கள் உங்களுக்குக் காட்டிய தாராளம்.

இந்த மேசை எனக்குக் கிடைத்த அன்றே நாலு பேர் முணுமுணுத்தார்கள். எண்ணுகிறவர் தாய்மாமன், பதிகிறவள் மருமகள், விளங்கினாற்போலத்தான் என்று. நாலாயிரத்து எண்ணூறு என்று ஒரு தாள் வந்தால் நான் என்ன நினைப்பேன்? மாமா மலை உச்சியிலும் ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஐந்து வருஷமாக உங்கள் எண்ணை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? உங்கள் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருந்தேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே எங்கள் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் "தராசு" என்று பெயர் வைத்தீர்களே, தேநீருக்குச் சர்க்கரையைக்கூட எடைபோட்டுப் போடுகிற மனிதர், அவரிடம்தான். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. உங்கள் மூலத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். அறிக்கையில் இருந்த என் எண்ணின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தார். 4,820 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "ஏம்மா, இது ஐயாயிரத்துக்குக் கீழேதானே இருக்கு" என்றார்.

நூற்றெண்பது குறைகிறது மாமா. என் வேலையைப் பணயம் வைத்து உண்மையைச் சொல்லியும் நூற்றெண்பது பருந்து போதவில்லை. பிறந்ததிலிருந்து கதை அளக்கிறீர்கள். அந்த ஒருநாள் மட்டும் இன்னும் கொஞ்சம் அளந்திருக்கக் கூடாதா?

உங்கள் அக்கா மகள்


மலைமுகடு
செப்டம்பர் 20

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் பாறைமேல் வைத்துப் படித்தேன். பாறை சிவந்தது. பெயின்ட் அல்ல, வெட்கம். சொந்த ரத்தம், நான் தோளில் தூக்கிச் சுமந்த ரத்தம், என் தலையில் கத்தரி வைத்திருக்கிறது என்று உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபின் அடுப்பில் போட்டுவிட்டேன். காரணம் கீழே வருகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று வைத்துக்கொள்.

நல்ல எண்ணெய்விளக்கு ஒன்று வாங்க வேண்டும். இது புகைகிறது.

சரி. சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே வந்த முதல் பருவத்தில், நீ அந்த மேசையில் உட்காருவதற்கு முந்தின வாரம், ஒருநாள் 6,412 எண்ணினேன். ஒன்றுகூட ஏற்றவில்லை. கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் தாள் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்புக் கோடு. கீழே தராசின் கையெழுத்தில், "மீண்டும் எண்ணிப் பார்த்து அனுப்பவும்."

மீண்டும் எண்ணவாம். போன வாரம் போன பருந்தை எப்படி மீண்டும் எண்ணுவது? கடல் தாண்டிப் போய், "அம்மாமாரே, ஐயாமாரே, ஆபீஸ்ல சந்தேகப்படறாங்க, தயவுசெய்து வரிசையில நில்லுங்க" என்று கைகூப்புவதா?

அன்று பாதியாக்கினேன். 3,206 என்று எழுதி அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். "நன்றி" என்றுகூட ஒரு வரி வந்தது. ஆயுளில் உண்மை சொன்னதற்கு எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கணக்கைப் பாதியாக்கி நல்ல தாளில் எழுதுவேன். முதலில் குறித்த தாளை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வேன். உன் அம்மா சட்டம் உனக்கு மட்டுமா தெரியும்? நான் அதற்குள்ளேயே பிறந்தவன்.

போன வருஷம் அக்டோபர் ஒன்பதாம் தேதி இந்த முகட்டைக் கடந்தவை 9,640. தேன்பருந்துதான் பெரும்பாலும், நடுவில் வல்லூறுகளும். நான் பாதியாக்கினேன். அதை நீ பாதியாக்கினாய். எனக்குத் தெரிந்து ஒரு மாமனும் மருமகளும் சேர்ந்து ஏழாயிரத்துச் சொச்சம் பருந்தை வேட்டையாடியது உலகத்தில் இதுதான் முதல்முறை. துப்பாக்கிகூட வேண்டியிருக்கவில்லை.

இதைத் தராசிடம் சொல்.

உன் மாமா


மூன்றாவது மாடி
செப்டம்பர் 25

மாமா,

சொன்னேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முதல்ல ரெண்டாயிரத்து நானூறு. போன வாரம் நாலாயிரத்து எண்ணூறு. இந்த வாரம் ஒம்பதாயிரத்து அறுநூறு. இன்னும் ஒரு வாரம் பொறுத்தா பத்தொம்பதாயிரம் ஆயிடும் போலிருக்கே. பருந்து ஃபைலுக்குள்ள குஞ்சு பொரிக்குதாம்மா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

எனக்கு வருகிற ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பெரிதாகச் சொன்னீர்கள். சொல்லக்கூடாத இடத்திலெல்லாம் சொன்னீர்கள். என் கணவர் வீட்டாரிடம் நான் ஏழு பாஷை பேசுவேன் என்றீர்கள். இன்றுவரை என் மாமியார் அந்த மீதி ஐந்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர், உண்மையிலேயே பெரிதாக ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைச் சொல்லப் பயந்து பாதியாக வெட்டி, மிச்சத்தை வைத்துத் தேநீர் போட்டிருக்கிறீர்கள். நான் உங்களை நம்பாதது தப்பு. நீங்களே உங்களை நம்பாதது எந்தக் கணக்கு?

இப்போது 9,640 என்று கத்தினால், காற்றாலையைத் தடுக்க இட்டுக்கட்டியது என்பார்கள். சாட்சி சொல்லும் தாள்கள் சாம்பலாகிவிட்டன.

தராசின் முடிவு இது. நம் இருவர் எண்ணும் செல்லாது, ஐந்து வருஷத்தில் ஒன்றும் செல்லாது. அவரே மலைக்கு வருகிறார். அக்டோபர் ஐந்து முதல் பதினைந்து வரை அவர் கையால் எண்ணுவார். ஏதாவது ஒருநாள் ஐயாயிரம் தாண்டினால் குழுவிடம் கொடுப்பார். தாண்டாவிட்டால் பன்னிரண்டு காற்றாலையும் வரும். நீங்கள் எண்ணும் கருவியைத் தொடக்கூடாது.

உங்கள் அக்கா மகள்


மலைமுகடு
அக்டோபர் 8

அலுவலகப் புயலுக்கு,

தராசு எழுந்தருளியிருக்கிறார். இரண்டு பெட்டி, ஒரு குடை, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு சின்னத் தராசு. நிஜமாகவே தராசு. ரொட்டியை எடைபோட்டு இருவருக்கும் சமமாக வெட்டுகிறார். துணுக்கு மிஞ்சினால் அதையும் வெட்டுகிறார். எறும்பு காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு மலைக்குக் குடிபோய்விட்டது.

என் பாறைமேல் அவர் நாற்காலி. நான் பின்னால் ஒரு கல்லில், தண்டனை பெற்ற மாணவன் மாதிரி. கருவியைத் தொடக்கூடாது என்றார், சரி. இப்போது கையை நீட்டிக் காட்டவும் கூடாதாம். "நீங்க காட்டினா அது உங்க கணக்காயிடும். என் கண்ணுல படறதை மட்டும்தான் நான் எண்ணுவேன்."

முதல் இரண்டு நாள் மூடுபனி. பூஜ்யம், பூஜ்யம். அதையும் இரண்டு தடவை சரிபார்த்து எழுதினார். நேற்று வானம் துடைத்த மாதிரி நீலம். நீலம்தான் எங்கள் தொழிலுக்கு எமன். உயரத்தில் பருந்து மிளகைவிடச் சின்னது, பின்னால் மேகம் இல்லாவிட்டால் கண் வழுக்கிவிடும். தலைக்கு நேர்மேலே ஆறாகப் போகிறது. கீழே இந்த மனிதர் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சொறிகிறார். என் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். நாக்கு இப்போது இரண்டாக இருக்கிறது. சாயங்காலம் அவர் எழுதிய எண் 61.

அறுபத்தொன்று. அதில் மூன்று காக்கை.

"ஏன் சார், நீங்க சொன்ன ஒம்பதாயிரம் எங்கே?" என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. நான் எழுந்துபோய் விறகு பிளந்தேன். குளிர்காலம் மூன்றுக்கு ஆகும்.

உன் மாமா


கீழ்த்தளம்
அக்டோபர் 11

மாமா,

முகவரியைப் பாருங்கள். ஜன்னலோர மேசை போய்விட்டது. பழைய வரைபடங்களுக்குத் தூசி தட்டுகிறேன். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அந்த மனிதரைக் கிண்டல் பண்ணி விரட்டிவிடாதீர்கள். அவர் மேலே வர வேண்டிய அவசியமே இல்லை. முழங்கால் வலியோடு வந்திருக்கிறார். இரண்டு எண்ணையும் குப்பையில் போட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். மூன்று காக்கை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னீர்களா? சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள்.

இங்கே இரண்டு நாளாக வடக்கிலிருந்து மழை. மலைக்கு அப்பால் அடைத்துக்கொண்டு பெய்கிறதாம். மழை நின்றால் தேங்கி நின்ற பறவையெல்லாம் ஒரே நாளில் கிளம்பும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அதையும் நான் பாதிதான் நம்பியிருந்தேன்.

இன்னும் நாலு நாள். வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள். உங்களால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இருங்கள்.

உங்கள் அக்கா மகள்


மலைமுகடு
அக்டோபர் 15

மருமகளுக்கு,

மன்னிப்புக் கேட்டேன். காக்கையிடம்.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். இதில் அளப்பு எதுவும் இல்லை. அளந்து எழுதிப் பார்த்தேன், நடந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

விடியற்காலம் மழை நின்றது. காற்று வடக்கிலிருந்து திரும்பியது. வானம் முழுக்க உயரத்தில் மெல்லிய வெள்ளை மேகம், துவைத்து விரித்த துப்பட்டி மாதிரி. அந்த வெள்ளையில் பருந்து விழுந்தால் மைப்புள்ளி. எட்டரை மணிக்கு ஒன்று வந்தது. அப்புறம் நாலு. தராசு அமுக்கினார். ஒன்பதரைக்குப் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஒரு கூட்டம் சுழன்று சுழன்று எழும்பியது. அவர் கட்டைவிரல் பரபரத்தது. இப்போது எண்ணாதே, சுற்றும்போது எண்ணாதே என்று எனக்குள் கத்தினேன். பாராட்ட வேண்டும், அவர் எண்ணவில்லை. காத்திருந்தார். உச்சியிலிருந்து சரம் பிரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பட்ட மரத்தைத் தாண்டத் தொடங்கின.

அதற்குமேல் நிற்கவில்லை. ஒரு சரம் முடிவதற்குள் அடுத்தது. பதினோரு மணிக்குத் தராசின் வலது கட்டைவிரல் மரத்துப்போய் இடதுக்கு மாறினார். ரொட்டி வேண்டாம் என்றார். தண்ணீர் வேண்டாம் என்றார். பிறகு, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐயா" என்றார். சார் போய் ஐயா வந்துவிட்டது.

"சொல்லுங்க."

"கிழக்குச் சரிவுலயும் வருதா? எனக்கு அந்தப் பக்கம் திரும்ப முடியலை."

"கையை நீட்டலாமா?"

"நீட்டுங்கய்யா. தயவுசெஞ்சு நீட்டுங்க."

நீட்டினேன். நாலரை மணிவரை நீட்டியபடியே நின்றேன். இப்போதும் கை மடங்கவில்லை, இந்தக் கடிதத்தைக் கிழக்கு நோக்கித்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் குடிசையில் விளக்கடியில் தாளை எடுத்தார். கருவியில் 7,316. அதைப் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார். அவருடைய சின்னத் தராசு மேசைமேல் இருந்தது, அதை ஓரமாக நகர்த்தினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஐயாயிரத்து நூறுன்னு போட்டுடலாமா?"



"தடைக்கு ஐயாயிரம் போதும்" என்றார். "ஏழாயிரத்து முன்னூறுன்னு போட்டா மேலே சிரிப்பாங்க. மலைக்காத்து எனக்கும் அடிச்சிடுச்சும்பாங்க. ஐயாயிரத்து நூறுன்னா நம்புற மாதிரி இருக்கும்."

மருமகளே, ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வந்த கோபங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினால், நேற்று வந்தது அதற்கெல்லாம் பாட்டன். மேசையைத் தட்டினேன். விளக்கு குதித்தது.

"மீதி ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினாறும் எங்கே சார் போச்சு? திரும்பிப் போயிடுச்சா? அஞ்சு வருஷமா இதே மேசையில உட்கார்ந்து நான் பண்ணின அயோக்கியத்தனம் இது. நீங்க படிச்சவர், நீங்களும் அதையே பண்ணணுமா? சிரிக்கட்டும். என்னைப் பார்த்து ஊரே சிரிக்குது, நான் செத்தா போயிட்டேன்? பார்த்தீங்க இல்ல? கட்டைவிரல் கறுத்திருக்கு இல்ல? எழுதுங்க."

கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு தாளில் தான் போட்ட சிவப்புக் கோடு அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 7,316 என்று எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து மட்டும்.

இன்று காலை ஜீப் ஏறும்போது, அடுத்த பருவத்துக்கு வேறு ஆள் வருவார் என்று சொன்னார். கணக்கைத் திருத்தியவனை மறுபடி உட்காரவைக்க விதி இல்லையாம். ஏற்றியதற்கும் இறக்கியதற்கும் விதியில் வித்தியாசம் கிடையாதாம். நியாயம் என்று தலையாட்டினேன். ஜீப் வளைவு திரும்பியபின் அந்த விதியை எழுதியவனின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினேன்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும். எனக்குக் கருவி கிடையாது, ஆனால் மனசு எண்ணாமல் இருக்குமா? நான் எண்ணியது 7,341. இரண்டு மணிக்குத் தராசு வரிசையாக நாலு தும்மல் போட்டார். அப்போது இருபத்தைந்து போய்விட்டன. நான் சொல்லவில்லை. அவர் கண்டதை அவர் எழுதினார், அது போதும்.

உன் மாமா


கீழ்த்தளம்
அக்டோபர் 24

மாமா,

இருபதாம் தேதி குழு கூடியது. காற்றாலைக்கு அனுமதி இல்லை. வட்டங்களை அவர்களே வந்து அழித்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழாயிரம் என்றதும் சிரித்தார்கள், தராசு சொன்னது சரிதான். தொப்பிக்காரர் எழுந்து, "பைனாகுலர்ல தூசி இருந்திருக்குமோ சார்?" என்றார். தராசு உட்கார்ந்தபடியே, "இருந்தது. துடைச்சிட்டுத்தான் எண்ணினேன்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் ஐந்து வருஷத் தாள்களிலும் "நம்பத்தக்கதல்ல" என்று முத்திரை குத்தும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். அறுநூற்று நாற்பது தாள். குத்தினேன். ஒவ்வொன்றிலும் உங்கள் எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு குத்தினேன், மை அதன்மேல் படவில்லை. யாராவது என்றைக்காவது அதை இரண்டால் பெருக்கிப் பார்க்கட்டும். படிக்கவாவது முடியும்.

புது ஆளுக்கு விளம்பரம் போட்டுவிட்டார்கள். குடிசைச் சாவியை ஜீப்காரரிடம் கொடுத்துவிட்டு, நேரே இங்கே வாருங்கள். வேறெங்கும் போய்க் கோபித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

நேற்று அம்மா கேட்டாள், "உன் மாமன் மலையில கடைசியா எத்தனைதான் போச்சாம்?" என்று. தராசின் எண் வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு, ஏழாயிரத்து முன்னூற்று நாற்பத்தொன்று என்றேன். அம்மா வழக்கம்போல வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

உங்கள் அக்கா மகள்